கைச்சிப் பாடசாலை: கட்டடக்கலையும் மரபுரிமையும் – ஒரு சமூகவியல் நோக்கு

1

ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களை அறிந்துகொள்வதற்கு அது எழுதிவைத்த நூல்களை மாத்திரம் ஆதாரமாகக் கொள்வது போதாது. அது எழுப்பிய கட்டடங்களும் அவ்வெண்ணங்களைத் தாங்கி நிற்கின்றன. எனினும் நூல்களை ஆராயும்போது நாம் எழுப்பும் வினாக்களைக் கட்டடங்களின் முன்னால் நின்று எழுப்புவதில்லை. இலக்கியத்தில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கலாகாது என்று வற்புறுத்தும் நாமே, ஒரு பழைய கட்டடத்தைக் கண்டவுடன் அதன் உருவத்தை மாத்திரம் வியந்து அமைதியடைகின்றோம். இக்குறை பற்றிய சிந்தனையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நாம் எடுத்துக்கொண்ட கட்டடம் யப்பானின் நடுப்பகுதியிலுள்ள நகானோ மாநிலத்தில், மட்சுமோட்டோ நகரில் உள்ளது. 1876இல் கட்டிமுடிக்கப்பட்ட கைச்சிப் பாடசாலை என்னும் ஆரம்பப் பாடசாலையே அது. கைச்சி என்பதற்கு ‘அறிவைத் திறத்தல்’ என்று பொருள் கூறலாம். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், 1963 வரை, அக்கட்டடத்திலே பிள்ளைகள் பயின்றனர். அதன்பின் மெத்தோபா ஆற்றங்கரையிலிருந்த மூல இடத்திலிருந்து அது கழற்றப்பட்டு, மட்சுமோட்டோக் கோட்டைக்கு வடக்கே மீண்டும் பொருத்தப்பட்டு, 1965இல் கல்வி வரலாற்று நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 1961இல் முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடம், 2019இல் தேசியச் செல்வம் என்னும் உயர்நிலையைப் பெற்றது. அந்நாட்டில் நவீன பாடசாலைக் கட்டடமொன்று அந்நிலையை அடைந்தது அதுவே முதன்முறையாகும். நிலநடுக்கத்தைத் தாங்குமாறு வலுப்படுத்துவதற்காக 2021இல் மூடப்பட்டு, 2024 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தகைய கட்டடங்களைப் பற்றி இரு நோக்குகள் பொதுவாக நிலவுகின்றன. முதலாவது நோக்கு இதனை அறிவொளியின் சின்னமாகப் போற்றுவது. ஒரு சிறுநகரத்து மக்கள் கல்விமீது கொண்ட காதலினால் தாமே பணம் திரட்டிக் கட்டிய கோயில் இது என்பது அந்நோக்கின் சாரம். இரண்டாவது நோக்கு நம்மவர் சிலரிடையே செல்வாக்குள்ளது. பாடசாலை அரசின் கருத்துநிலைக் கருவி. ஆதலின் அதன் கட்டடமும் ஆளும் வர்க்கத்தின் விளம்பரப் பலகையே என்று கூறி, மேலும் ஆராயாது விட்டுவிடுவது. முதலாவது நோக்கு செலவுக் கணக்கை மறைக்கின்றது. இரண்டாவது உழைத்தவனின் கையை மறைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காணாதவிடத்து, இக்கட்டடம் மரபுரிமை எனப்படுவது எவருடைய மரபுரிமை என்ற வினாவுக்கு விடை காண இயலாது என்பதே நமது கருத்து.

2

மெய்ஜி அரசு 1872இல் நாடளாவிய கல்விக் கட்டளையைப் பிறப்பித்தது. எழுத்தறியாக் குடும்பம் எந்தக் கிராமத்திலும், எழுத்தறியா மனிதர் எந்தக் குடும்பத்திலும் இருத்தலாகாது என்பது அதன் பிரகடனமாயிருந்தது. 53,760 ஆரம்பப் பாடசாலைகளை நிறுவுதல் அதன் திட்டம். இத்துணைப் பெருந்திட்டத்தை வகுத்த அரசு அதற்கான செலவின் பெரும்பகுதியை உள்ளூர் மக்கள்மீதே சுமத்தியது. கல்வி ஒருவனுடைய சொந்த முன்னேற்றத்துக்கான முதலீடு. ஆதலால் பயன் பெறுபவனே செலவையும் ஏற்க வேண்டும் என்பது அக்கட்டளையின் தத்துவம். முதலாளித்துவத் தனிமனிதவாதம் யப்பானியக் கிராமத்தின் வாயிலில் வந்து நின்றபோது, அது கட்டணச் சிட்டையுடனேயே வந்தது எனலாம். ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் கொள்கையளவில் நீக்கப்படுவதற்கு 1900 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தை வேறு இரு நிகழ்ச்சிகளோடு சேர்த்து நோக்குதல் அவசியம். 1873இல் கட்டாய இராணுவ சேவை வந்தது. அதே ஆண்டு நிலவரிச் சீர்திருத்தம் வந்தது. நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று வீதம் காசாகச் செலுத்தப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. விவசாயியின் மகன் படைக்கும், நெல்லின் விலை வரிக்கும், எஞ்சிய காசு பாடசாலைக்கும் சென்றன. 1873இல் மிமசாக்காப் பகுதியிலும், 1876இன் இறுதியில் இசேப் பகுதியிலும் கிளர்ந்த விவசாயிகள் பாடசாலைகளையும் தாக்கியதன் காரணம் இதுவே. அவர்கள் அறிவுக்குப் பகைவர் என்று கூறுவது எளிது. அவர்களுக்குப் பாடசாலை வரி அறவிடும் மற்றோர் அலுவலகமாகத் தோன்றியது என்பதே உண்மை. எனினும் இக்கலகங்களை நாம் புனிதப்படுத்துதலும் தகாது. மிமசாக்காவில் கிளர்ந்தவர்களே, 1871இல் சட்டப்படி சமத்துவம் பெற்றிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளையும் தாக்கிக் கொலை புரிந்தனர். சாதியொடுக்குமுறையை அறிந்த நமக்கு இம்முரண்பாடு விளங்காததன்று. ஒடுக்கப்பட்டோரின் சினம் தனக்கு மேலுள்ளோரை மாத்திரமன்றித் தனக்குக் கீழுள்ளோரையும் நோக்கிப் பாயக்கூடியது.

இப்பின்னணியில் கைச்சிப் பாடசாலையின் கணக்கை நோக்குவோம். கட்டடத்துக்கு ஏறத்தாழ 11,000 யென் செலவாயிற்று. அதில் சுமார் எழுபது வீதத்தை மட்சுமோட்டோ நகரவாசிகளின் நன்கொடைகள் ஈடுசெய்தன. எஞ்சியதைச் சில தனிப்பட்ட பெருங்கொடைகளும், இடிக்கப்பட்ட விகாரைகளின் மரங்களால் கிடைத்த பணமும் நிறைவுசெய்தன. ‘நன்கொடை’ என்னும் சொல்லை இங்கு நாம் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். அக்காலத்தில் பாடசாலைகளுக்கான நன்கொடைகள் பல இடங்களில் வீட்டு வீதம் பங்கிடப்பட்டு அறவிடப்பட்டவை. அன்றைய சிக்குமா மாநிலத்தின் ஆளுநர் நகயாமா மொரித்தெரு ஊர்தோறும் கல்வியை வலியுறுத்திச் சென்றவர். ஆளுநர் வலியுறுத்தும்போது கொடுப்பதற்கும் விரும்பிக் கொடுப்பதற்கும் இடையிலுள்ள எல்லை தெளிவற்றதாகின்றது. அதேவேளை மட்சுமோட்டோ வணிகர் மலிந்த கோட்டை நகரமாதலின், கல்வியின் பயனை உணர்ந்து மனமுவந்து கொடுத்தோரும் இருந்திருப்பர். வணிகனுக்கு முதலீடாக அமைந்த அதே தொகை கூலிக்காரனுக்குச் சுமையாக அமைந்தது. ‘நகரமக்களின் கொடை’ என்ற தொடர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றது.

3

இனிக் கட்டடத்தின் உருவத்துக்கு வருவோம். ஈரடுக்கு மரக் கட்டடம் அது; ஓட்டுக் கூரையின் நடுவே எண்கோணக் கோபுரம் எழுகின்றது. வெண்சுண்ணச் சாந்து பூசிய சுவர்கள். மூலைகளிலும் அடிப்பகுதியிலும் கல் அடுக்கியது போன்ற தோற்றம். அவை கற்கள் அல்ல. சாம்பல் நிறச் சாந்தினாலே கல்போலச் செய்யப்பட்டவை. கண்ணாடி அரிதாயிருந்த அந்நாளில் சன்னல்கள் எங்கும் கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தமையால், மக்கள் அதனைக் ‘கண்ணாடிப் பாடசாலை’ என்றே அழைத்தனர். முகப்பிலே யப்பானியக் கோட்டை, கோயில்களுக்குரிய வளைந்த நெற்றிக்கூரை. அதன் கீழ் இரு தேவதூதர் பாடசாலையின் பெயர்ப் பலகையை ஏந்தி நிற்கின்றனர். அவர்களுக்குக் கீழே மேகங்கள் செதுக்கிய மேன்மாடம். அதற்கும் கீழே வேதாளநாகம் எனத்தக்க கீழைத்தேயப் பறவைநாகத்தின் சிற்பம்.

இதனை அமைத்தவர் உள்ளூர்த் தலைமைத் தச்சரான தத்தேயிஷி செய்ஜு (1829–1894). மேனாட்டுக் கட்டடக்கலையை எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர். டோக்கியோவுக்குச் சென்று கைசேய்ப் பாடசாலை போன்ற புதிய கட்டடங்களைப் பார்த்து, குறிப்பேட்டில் வரைந்துகொண்டு திரும்பி, தமக்குத் தெரிந்த கருவிகளாலும் தமக்குக் கைவந்த முறைகளாலும் அவற்றுக்கு ஈடானதொன்றை ஆக்கினார். முகப்பிலுள்ள தேவதூதரை அவர் எந்தத் தேவாலயத்திலிருந்தும் பெறவில்லை. ‘டோக்கியோ நிச்சிநிச்சி’ என்னும் செய்தித்தாளின் பெயரால் வெளிவந்த வண்ண மரவெட்டுப் படத் தாள்களின் தலைப்பிலிருந்தே அவர்கள் எடுக்கப்பட்டனர். கிறித்தவத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் 1873இலேதான் அகற்றப்பட்டன என்பதை நினைவிற்கொண்டால், மூன்றாண்டுகளின் பின் அரசாங்கப் பாடசாலையொன்றின் நெற்றியில் தேவதூதர் அமர்ந்தமை வியப்பளிக்கலாம். ஆனால் அத்தச்சருக்கும் அந்நகரத்தவர்க்கும் அவ்வுருவம் சமயச் சின்னமாயிருக்கவில்லை. அது அச்சின் சின்னம். தலைநகரிலிருந்து வரும் செய்தியின் சின்னம். அச்சு முதலாளித்துவம் மட்சுமோட்டோவை எட்டியதன் தடயம் கட்டடத்தின் நெற்றியிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

இத்தகைய கட்டடங்களை யப்பானியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் ‘கியோபூ’ என்பர். ‘மேனாட்டுப் போலிப் பாணி’ என்று அதனை மொழிபெயர்க்கலாம். இச்சொல்லின் வர்க்கச் சார்பு ஆராயத்தக்கது. ஆங்கிலேயரான யோசையா கொண்டர் 1877இல் டோக்கியோவிலுள்ள பொறியியற் கல்லூரியிற் கற்பிக்க வந்தார். அவருடைய முதல் மாணவர்கள் 1879இல் வெளியேறினர். கற்றுத் தேர்ந்த கட்டடக்கலைஞன் என்ற புதிய உத்தியோக வர்க்கம் உருவானது அப்போதுதான். அவ்வர்க்கத்தின் பார்வையில் அதற்கு முந்திய தச்சரின் ஆக்கம் ‘போலி’யாயிற்று. உண்மையில், கொண்டரின் மாணவர்களும் மேனாட்டு மாதிரிகளையே பின்பற்றினர். வேறுபாடு பின்பற்றியதில் இல்லை, சான்றிதழில் உள்ளது. எழுதப்பட்ட இலக்கண நூலின்றிப் பாடிய நாட்டார் பாடகனைப் புலவன் மதிப்பிட்ட முறைக்கும் இதற்கும் உள்ள உறவை இலக்கிய மாணவர் எளிதில் உணர்வர்.

சாந்தினாற் செய்த கல்லைச் சுட்டிக்காட்டி, மெய்ஜி நாகரிகமே மேற்பூச்சுத்தான் என்று முடிவுகட்ட விரும்புவோர் உளர். கவர்ச்சியான உவமை அது. ஆயின் உற்பத்தி முறையை அறியாத உவமை. தடித்த சாந்துச் சுவர் என்பது யப்பானிய வணிகரின் பண்டகசாலைகளைத் தீயிலிருந்து காப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த தொழில்நுட்பம். அத்தொழில்நுட்பத்தின் உச்சநிலையிலிருந்த கைவினைஞர், தாம் கண்டறியாத ஒரு கட்டட மொழியைத் தம் சொந்த மொழியிற் சொல்லிப்பார்த்தனர். கல்லை அவர்கள் பொய்யாகச் செய்தனர் என்பதைவிட, கல்லைச் சாந்திலே மொழிபெயர்த்தனர் என்பதே பொருந்தும். மேலும், குடியேற்றநாடுகளில் ஆள்வோன் தன் நாட்டுக் கட்டட மாதிரியைக் கொணர்ந்து நிறுத்தியதற்கும் இதற்கும் வேறுபாடுண்டு. இங்கு மாதிரியைத் தேடிச் சென்றவனும் தெரிந்தெடுத்தவனும் உள்ளூர்த் தச்சனே. ஆணை அரசினுடையதாயிருக்க, ஆக்கம் அவனுடையதாயிற்று.

4

கட்டடத்தின் உட்பொருளுக்குச் செல்லும்போது வேறொரு வரலாறு எதிர்ப்படுகின்றது. 1868இன் அரசியல் மாற்றத்தையடுத்துப் பௌத்தத்துக்கு எதிரான இயக்கம் எழுந்தது; சிந்தோ வழிபாட்டைப் பேரரச வழிபாட்டோடு பிணைத்த புதிய ஆட்சி, பௌத்த நிறுவனங்களின் பழைய செல்வாக்கை ஒடுக்கியது. மட்சுமோட்டோப் பகுதியில் அது கடுமையாக நிகழ்ந்தது. அப்பகுதியை ஆண்ட தோதாக் குடும்பத்தின் குலவிகாரையான ஸென்கியூ-இன் கூடக் கைவிடப்பட்டது. 1873இல் கைச்சிப் பாடசாலை முதலில் தொடங்கியது அவ்விகாரைக் கட்டடத்திலேதான். பின்னர் புதிய கட்டடம் எழுந்தபோது அவ்விகாரையின் தூண்கள் முதலியன அதனுள் மறுபடியும் பயன்பட்டன.

1930களில் யப்பானிய மார்க்சிய அறிஞரிடையே நிகழ்ந்த விவாதத்தை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. மெய்ஜி மாற்றம் முதலாளித்துவப் புரட்சியே என்றனர் ரோனோக் குழுவினர். கிராமத்தின் அரைநிலமானிய உறவுகள்மீது அமர்ந்த முற்றாதிக்க முடியாட்சியே அது என்றனர் கோசாக் குழுவினர். நாம் நோக்கும் கட்டடம் இவ்விரு முடிவுகளுள் ஒன்றுக்கு மாத்திரம் சான்று பகரவில்லை. கண்ணாடியும் செய்தித்தாளின் தேவதூதரும் முன்னைய கூற்றுக்குத் துணைநிற்க, பிரபுவின் குலவிகாரைத் தூண்களும் ஆளுநரின் வற்புறுத்தலும் பின்னையதற்குத் துணைநிற்கின்றன. பழைய கருத்துநிலையின் இல்லம் இடிந்தது. அதன் மரம் புதிய கருத்துநிலையின் இல்லத்தைத் தாங்கியது. 1880இல் பேரரசர் மெய்ஜி தமது சுற்றுப்பயணத்தின்போது இப்பாடசாலைக்கு வந்தமையும், 1890இன் பேரரசக் கல்விப் பிரகடனம் விசுவாசத்தையும் பெற்றோர்பக்தியையும் நாடெங்கும் பாடசாலைகளின் வேதமாக்கியமையும், புதிய இல்லத்தின் கூரையின்கீழ்ப் பழைய தெய்வத்தின் இடத்தில் யார் அமர்ந்தார் என்பதைக் காட்டும். அப்பிரகடனத்தின் வலு 1948இல் பாராளுமன்றத் தீர்மானங்களால் நீக்கப்படும்வரை நீடித்தது.

5

அறிவு திறக்கப்பட்டது எனின், யாருக்குத் திறக்கப்பட்டது? 1873இல் யப்பானிற் பாடசாலை செல்லும் வயதினருள் ஏறத்தாழ 28 வீதத்தினரே சேர்ந்திருந்தனர். பெண்பிள்ளைகளுள் அது ஏறக்குறைய 15 வீதம். பெண்பிள்ளைகளின் வீதம் பாதியை எட்டுவதற்கு 1890களின் இறுதிவரை சென்றது. சிக்குமா மாநிலம் நாட்டின் சராசரியிலும் மிக முன்னேறியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் முன்னேறிய இம்மாநிலத்திலும் வறிய வீட்டுச் சிறுமி பிறர் குழந்தையை முதுகிற் சுமக்கும் கூலிவேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. குழந்தையைச் சுமந்தபடியே அச்சிறுமியர் கற்பதற்கெனத் தனி வகுப்புகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகானோவின் பாடசாலைகளில் அமைக்கப்பட்டன; மட்சுமோட்டோவும் அவற்றுள் அடங்கும். 1890இல் மட்சுமோட்டோவின் ஆரம்பப் பாடசாலை, பின்தங்கிய மாணவரைத் தனியே பிரித்து ஒரு வகுப்பை அமைத்தது. யப்பானிய விசேட கல்வியின் தொடக்கமாக அது குறிப்பிடப்படுகின்றது. சில ஆண்டுகளே அது நீடித்தது. இவற்றை மனிதாபிமானம் என்று போற்றுவதற்கு முன், ஏன் அவை தேவைப்பட்டன என்று கேட்டல் வேண்டும். குழந்தைத் தொழிலாளியை வகுப்பறைக்கு அழைத்த சமூகம் அவளது முதுகுச் சுமையை இறக்கவில்லை.

இன்னொரு தொடர்பையும் சுட்டுதல் வேண்டும். 1876இல் கலைக்கப்பட்ட சிக்குமா மாநிலத்தில், மலைகளுக்கு அப்பாலிருந்த ஹீதாப் பிரதேசமும் அடங்கியிருந்தது. அப்பிரதேசத்து வறிய விவசாயிகளின் புதல்வியரே பிற்காலத்தில் 1,672 மீற்றர் உயரமான நொமுகிக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து, ஒக்காயா, சுவாப் பகுதிகளின் பட்டு நூலாலைகளுக்குச் சென்றனர். மட்சுமோட்டோவிற் பிறந்த யமமோட்டோ ஷிகெமி அவர்களின் வாழ்வை முதிய பெண்களின் வாய்மொழிகளிலிருந்து திரட்டி 1968இல் நூலாக வெளியிட்டார்; 1979இல் அது திரைப்படமாகியது. யப்பானுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தது அவர்களது பட்டு. பாடசாலைகளும் போர்க்கப்பல்களும் எழுந்த பொருளாதாரத்தின் அடித்தளம் அது. கைச்சியின் கண்ணாடிச் சன்னல்களைப் பார்க்கின்றபோது நொமுகியின் பனியையும் பார்க்கக் கற்றுக்கொள்வதே வரலாற்றுணர்வு.

ஆயினும் கருத்துநிலைக் கருவி தான் விரும்பியதை மாத்திரமே உற்பத்தி செய்வதில்லை. 1869இல் மட்சுமோட்டோவிற் பிறந்த கினோஷித்தா நவோயே கைச்சிப் பாடசாலையிற் பயின்றவர். 1901இல் தோன்றிய உடனேயே தடைசெய்யப்பட்ட சமூக சனநாயகக் கட்சியின் நிறுவுநருள் ஒருவர் அவர். ரஷ்ய–யப்பானியப் போர் மூண்ட 1904இல் ‘நெருப்புத் தூண்’ என்னும் போரெதிர்ப்பு நாவலைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அவரது சோசலிசம் கிறித்தவ மனிதாபிமானத்தின் எல்லையைக் கடக்கவில்லை என்பது உண்மையே. எனினும் படைவீரனையும் வரிசெலுத்துவோனையும் ஆக்குவதற்காக அரசு திறந்துவிட்ட எழுத்தறிவே, அவ்வரசை வினவும் எழுத்தாளனையும் அவனை வாசிக்கும் வாசகனையும் ஆக்கிற்று. ஒவ்வொரு தேசியப் பண்பாட்டினுள்ளும் இரு பண்பாடுகள் உள்ளன என்ற லெனினின் கருத்து ஒரே கூரையின்கீழும் பொருந்துவதாகும். பாடசாலையை வெறும் கருவியென்று ஒதுக்குவோர் நவோயேயை விளக்க மாட்டார்.

6

பாடசாலை நூதனசாலையாக மாறும்போது நிகழ்வது யாது? கட்டடம் இடம்பெயர்ந்தபோது அதன் ஆரம்பகால வடிவம் மீட்கப்பட்டது. பழமை பேணும் முறையியலில் இதற்கு நியாயமுண்டு. ஆற்றோரத்தில் அது அழிந்துபோகாமற் காத்தவர்களின் பணி நன்றிக்குரியது. ஆனால் 1876இன் முகத்தை மீட்பது, அதன்பின் தொண்ணூறு ஆண்டுகள் அங்கு நடமாடிய பிள்ளைகளின் காலத்தை அத்தொடக்கத்தின் நிழலில் வைப்பதுமாகும். தொடக்கம் எப்போதும் ஆணையிட்டவருக்குச் சார்பானது. பயன்பாட்டின் வரலாறே உழைத்தவருக்கும் கற்றவருக்கும் கற்கவியலாதவருக்கும் உரியது. ‘தேசியச் செல்வம்’ என்ற பெயர் இவர்களனைவரையும் ‘தேசம்’ என்னும் ஒரே சொல்லில் ஒடுக்கிவிடும் ஆபத்தைக் கொண்டது.

எனினும் இந்நூதனசாலையின் சிறப்பொன்றை நாம் கூறாதிருத்தல் நேர்மையன்று. பாடசாலையாக இயங்கிய காலத்தின் பாடநூல்களும் ஆவணங்களும் தளபாடங்களும் பெருந்தொகையாக அங்கு பேணப்பட்டுள்ளன. செலவுக் கணக்கு நமக்குத் தெரிகின்றது. தச்சரின் பெயரும் அவரது குறிப்பேடும் எஞ்சியுள்ளன. உலகின் பெருங்கட்டடங்களிற் பலவற்றைக் கட்டியவர் பெயரற்று மறைந்திருக்க, இங்கு ஒரு தச்சன் வரலாற்றிற் பெயருடன் நிற்கின்றான். ஆனாற் சாந்து குழைத்தவரும் மரம் சுமந்தவரும் அவ்வாறு நிற்கவில்லை. முகப்பு சொல்லும் கதையைத் திருத்துவதற்கான ஆதாரங்கள் அம்முகப்பின் பின்னாலேயே இருக்கின்றன. அவற்றை வாசிக்கும் வாசகனே குறைவு.

மரபுரிமை என்பது வழிபடுவதற்கோ வீசியெறிவதற்கோ உரியதன்று. கணக்குக் கேட்பதற்கு உரியது. யார் கொடுத்தனர், யார் கட்டினர், யாருடைய தூண்கள் பெயர்க்கப்பட்டன, யார் உள்ளே சென்றனர், யார் குழந்தையைச் சுமந்துகொண்டு வெளியே நின்றனர் என்னும் வினாக்களை எந்தப் பழைய பாடசாலையின் முன்னும் நாம் எழுப்பலாம். அவ்வினாக்களுக்கு விடை தேடுவதால் கைச்சியின் அழகு குறைவதில்லை. தச்சன் செய்ஜுவின் கைத்திறனை அவன் வாழ்ந்த உற்பத்தி உறவுகளோடு சேர்த்துக் காணும்போது, அவன் சாந்திலே செய்த கல் மேலும் வியப்புக்குரியதாகின்றது. இத்தகைய கட்டடங்களை உழைக்கும் மக்களின் உடைமையாக உரிமைகோருவதற்கு முற்போக்காளர் முதலிற் செய்யவேண்டியது, அவற்றின் கணக்கேட்டை முழுமையாகப் படிப்பதேயாகும்.